நல்ல நேரத்தில் ஓடிய பேக்கப்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று முதலில் நம்பியவர் என் அப்பா. அடுத்து நம்பியவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. இரண்டு பெரிய மனிதர்கள் நம்புகிறார்களே என்று மூன்றாவதாக நானும் நம்பிவிட்டேன். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. பாளையங்கோட்டையில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்துவிட்டு (அதில் பாதி நாள் ஏசி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றதுதான் படிப்பு) திருநெல்வேலி டவுனில் அண்ணாச்சி நடத்திய திருமணத் தகவல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணாச்சி அதற்கு முன்பு தினசரி காலண்டர் மொத்த வியாபாரம் செய்தவர். இருபது வருஷம் காலண்டரோடு புழங்கியதில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. மணி என்ன என்று கேட்டால் மணி சொல்லமாட்டார், "எமகண்டம் முடிஞ்சு கால் மணி நேரம் ஆவுது" என்பார்.

நிலையத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள். பின்னறையில் இருந்தது சர்வர், ஜாதகமெல்லாம் அதற்குள்தான். முன்னறையில் ஒன்றில் நான், ஒன்றில் ரோஸ்லின் அக்கா, மூன்றாவது அண்ணாச்சியின் மேசையில் பூப்போட்ட துணி போர்த்தி இருக்கும். அவர் அதை ஒரு நாளும் தொட்டதில்லை, ஆனால் வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். நாலையும் ஒரே கறுப்புக் கேபிள் இணைத்தது. அதில் எந்த இடத்தில் இணைப்பு விட்டாலும் நாலும் சேர்ந்து ஊமையாகிவிடும்.

நான் சேருவதற்கு முன்பு ஒரு முறை சர்வரின் டிஸ்க் கெட்டுப்போய் 'ம' வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் காணாமல் போயிருந்தார்கள். மாரியம்மாள், மீனாட்சி, முத்துலட்சுமி என்று ஒருத்தி மிச்சமில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் வந்து "எம் பொண்ணு எங்கவே?" என்று கேட்டால் அண்ணாச்சி என்ன பதில் சொல்வார் பாவம். அதனால் மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் விற்றவரையே வரவழைத்து ஒரு பேக்கப் சாஃப்ட்வேர் போட்டார். அது சர்வரில் இருக்கும் ஜாதகங்களைக் கேபிள் வழியாக அண்ணாச்சியின் மேசைக் கம்ப்யூட்டருக்குப் பிரதி எடுத்து வைக்கும். பூப்போட்ட துணிக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டருக்கு முதல்முதலாக ஒரு வேலை கிடைத்தது.

அந்த சாஃப்ட்வேரில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கோட்டிலும் இழுத்து நகர்த்த ஒரு குமிழ், ஒன்றிலிருந்து நூறு வரை. மதுரைக்காரர் ஒரு கையில் உளுந்த வடையை வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார்.

"இது பிராசசர். பேக்கப் ஓடுறப்ப கம்ப்யூட்டர் மூளையில எம்புட்டு எடுத்துக்கலாம்ங்கிறது. இது நெட்வொர்க். கேபிள்ல எம்புட்டு எடுத்துக்கலாம்ங்கிறது. கூட்டி வச்சா சட்டுனு முடியும், மத்தவங்களுக்கு மெதுவா இருக்கும். குறைச்சு வச்சா மத்தவங்களுக்குத் தெரியாது, முடியத்தான் நேரமாகும். அம்புட்டுத்தான். நீங்க கடை சாத்துன பொறவு ஓடவிட்ருங்க, ஒரு தொந்தரவும் இல்ல."

நான் தலையாட்டினேன். (தலையாட்டுவதில் நான் எப்போதும் முதல் வகுப்பு.) அவர் வடையை முடித்துக்கொண்டு மதுரை பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

கடை சாத்தின பிறகு ஓட்டலாம் என்று சொன்னதும் அண்ணாச்சி கையை உதறினார். "கடையைச் சாத்துனா மெயினை அணைச்சிருவேன். ஆள் இல்லாத எடத்துல கரண்டு ஓடப்பிடாது. பகல்ல என்ன செய்யணுமோ செய்யி."

பகலில் செய்தால் எங்கள் ஜாதகப் பொருத்தம் பார்க்கிற வேலை இழுக்கும். ஆள் வராத நேரம் எது என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலண்டரைக் கிழிக்கும்போது பளிச்சென்று உதித்தது. ராகு காலம்! அந்த ஒன்றரை மணி நேரம் எங்கள் நிலையத்தில் ஈ காக்கை வராது. எந்தத் தகப்பனும் ராகு காலத்தில் மகள் ஜாதகத்தை நீட்டமாட்டான். உலகத்திலேயே, கூட்டம் எப்போது இருக்காது என்று காலண்டரில் அச்சடித்துக் கொடுக்கிற தொழில் எங்களுடையதுதான். உட்கார்ந்து ஏழு நாளைக்கும் நேரத்தை ஏற்றினேன். திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று, புதன் பன்னிரண்டு என்று வரிசையாக. இரண்டு குமிழையும் நூறுக்கு இழுத்துவிட்டேன். (திங்கள் ஏழரைக்குக் கடையே திறந்திருக்காது. அது எனக்கு மூன்றாவது திங்களில்தான் உறைத்தது.)

மற்ற நாட்களில் அருமையாக ஓடியது. ராகு காலம் பிறந்ததும் பேக்கப் எழும், முடிவதற்குள் வேலையை முடித்துவிட்டு அடங்கிவிடும். வாழ்க்கையில் கம்ப்யூட்டரை வைத்து நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அது மூன்று வாரம் நீடித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணிக்கு அண்ணாச்சி தன் மேசையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தவர், துணிக்கு அடியில் சிவப்பு விளக்கு துடிப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இதுக்குள்ள என்னமோ ஓடுதே?"

நான் பெருமையாக எழுந்து வந்து முழுத் திட்டத்தையும் விளக்கினேன். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ரோஸ்லின் அக்கா டைப் அடிப்பதை நிறுத்தினாள்.

"அத்தனை புள்ளைய ஜாதகத்தையும் ராகு காலத்துலயா எடுத்து வச்சிருக்க?"

"அண்ணாச்சி, அது காப்பிதான்..."

"காப்பியா இருந்தா? நாளைக்கு ஒரிஜினல் கெட்டுட்டுன்னா காப்பிதானே ஒரிஜினல்? அப்பம் அந்தப் புள்ளையளுக்குப் பாக்குத பொருத்தமெல்லாம் ராகு காலத்துல எடுத்ததுலா?"

மறுநாள் காலை அண்ணாச்சி காந்திமதி அம்மன் சன்னதியில் அர்ச்சனை செய்த எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து, குங்குமம் தடவி, சர்வர் தலையில் வைத்தார். இனிமேல் பேக்கப் நல்ல நேரத்தில்தான் ஓட வேண்டும் என்று உத்தரவும் போட்டார். நல்ல நேரம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதாவது அம்பாசமுத்திரம், திருச்செந்தூர், சங்கரன்கோவில் என்று எல்லாத் திசையிலிருந்தும் பெற்றவர்கள் ஜாதகத்தோடு வந்து குவிகிற அதே நேரம்.

அன்றிலிருந்துதான் எனக்கு அந்த இரண்டு குமிழ்களோடு மல்லுக்கட்டு. இரண்டும் சேர்ந்து நூறு வர வேண்டும் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று கேட்காதீர்கள், நூறு என்று ஒரு எண்ணைக் கண்டால் பங்கு போடுகிற புத்தி. பிராசசருக்கு அறுபது வைத்தால் நெட்வொர்க்குக்கு நாற்பது. பிராசசருக்கு முப்பது என்றால் நெட்வொர்க்குக்கு எழுபது. ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு வைத்துப் பார்த்து நோட்டில் எழுதினேன். எல்லாப் பக்கத்திலும் பலன் ஒன்றுதான்: 'மெதுவாக இருக்கிறது.'

"ஏட்டி கோமதி," என்று ரோஸ்லின் அக்கா கத்துவாள், "நான் மவுஸை நகத்தி நாலு எண்ணிப் பொறவுதான் அங்கன அம்பு நகருது. இதுக்கு நான் பைய எந்திரிச்சுப் போயி ஸ்கிரீனைக் கையால துடைச்சு நகத்திருவேன்."

ஒரு நாள் துணிந்து இரண்டையும் பத்துக்குக் கொண்டுவந்தேன். பத்தும் பத்தும் இருபது, கணக்கு இடிக்கிறதே என்று எனக்கே பயம். என் நோட்டைப் பார்த்த அண்ணாச்சிக்கு அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது.

"பத்து சதவீதமா? ராசிக் கட்டம் பன்னெண்டும்மா. பத்து சதவீதம்னா ஒரு கட்டமும் கொஞ்சமும்தானே வரும்? மத்த கட்டம்?"

அப்படி இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அண்ணாச்சி சொன்னதும், ஒருவேளை அப்படியும் இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பழையபடி ஐம்பதுக்கு ஐம்பது வைத்தேன். காத்திருப்பவர்களுக்கு ரோஸ்லின் அக்கா மோர் கொடுத்தாள்.

இந்த லட்சணத்தில்தான் எனக்கு வரன் வந்தது. பையன் அம்பாசமுத்திரம், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். அவர்கள் ஜாதகமும் எங்கள் நிலையத்தில்தான் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவை நான் அதற்கு முன்பே பதினோரு தடவை திறந்து பார்த்திருந்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். (ரோஸ்லின் அக்கா கேட்டால், பேக்கப் சரியாக எடுத்திருக்கிறதா என்று சரிபார்ப்பதாகச் சொல்வேன்.) போட்டோவில் அவர் சிரிக்கப் பார்த்து, போட்டோக்காரர் வேண்டாம் என்று சொன்ன மாதிரி பாதியில் நிறுத்தியிருந்தார். அந்தப் பாதிச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த இடம் எப்படியாவது அமைந்துவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒரே தவிப்பு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகால் மணி நல்ல நேரத்தில் பையனுடைய அப்பா அம்மா நிலையத்துக்கு வந்து பொருத்தம் பார்த்துத் தாள் வாங்கிக்கொள்வது, பொருந்தினால் மத்தியானம் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருவது என்று அண்ணாச்சி ஏற்பாடு செய்தார். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறவள்தான் பெண் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கு அனுப்பிய என் ஜாதகத்தோடு இருந்த போட்டோவில் ஸ்டூடியோக்காரர் பூசியிருந்த பவுடருக்கு யாரும் என்னைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அந்த நாளில் கம்ப்யூட்டர் இழுத்துவிடக்கூடாது. வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி விபூதிச் சம்புடத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து இரண்டு குமிழையும் ஒன்றுக்குக் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றும் ஒன்றும். மதுரைக்காரர்தான் சொன்னாரே, குறைத்து வைத்தால் மற்றவர்களுக்குத் தெரியாது என்று. ஒன்றைவிடக் குறைவாக வைக்க அந்தக் கோட்டில் இடமில்லை. இருந்திருந்தால் வைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை மயில்நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன். ஒன்பதேகாலுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். பையனுடைய அப்பா ஓய்வுபெற்ற சர்வேயர். நெட்டையாக, பேசாத மனிதர். ஒரு சென்ட் நிலத்தை அளந்தாலும் விரல்கடை பிசகமாட்டார் என்று அவர்கள் ஊர் அம்பையில் பேர். அம்மா குள்ளம், பேச்சுக்குக் குறைவில்லை.

"என்ன நேரமாவும்? எனக்கு சர்க்கரை. பத்தரைக்கு ஏதாவது வயித்துக்குப் போட்டாவணும்," என்றார் அந்த அம்மாள்.

"அஞ்சே நிமிஷம்," என்றார் அண்ணாச்சி.

பையன் பேரைத் தட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் ஜாதகம் வந்து நின்றது. எனக்குள் ஒரே பூரிப்பு. அடுத்து என் பேரைத் தட்டினேன். 'காத்திருக்கவும்' என்று வந்தது. காத்திருந்தேன். மறுபடியும் 'காத்திருக்கவும்'. ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷம் போயிற்று.

நடந்தது என்ன என்று பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. பேக்கப் ஒரு ஃபைலைப் பிரதி எடுக்கும்போது அதைக் கையில் பிடித்துக்கொள்ளும், முடிக்கிற வரை வேறு யாருக்கும் தராது. வேகமாக ஓடினால் சட்டென்று விட்டுவிடும். நானோ ஒன்றுக்குக் குறைத்திருந்தேன். ஆண்கள் ஃபைல் ஒன்று, பெண்கள் ஃபைல் ஒன்று. அன்றைக்கு அது முதலில் பெண்கள் ஃபைலைக் கையில் எடுத்து, ஒரே பதிவேட்டை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி எழுதுகிற ஆபீஸ் கிளார்க் மாதிரி பைய எழுதிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் சாயங்காலம் வரை எந்தப் பெண்ணும் வெளியே வந்திருக்கமாட்டாள்.

"பையன் ஜாதகம் டக்குனு வந்துட்டு," என்றார் அந்த அம்மாள். "பொண்ணு ஜாதகம் ஏன் வரமாட்டங்கு? சகுனம் சரியில்லையோ?"

"சும்மா இரு. மிஷின்தானே," என்றார் சர்வேயர். பையிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையையும் பென்சிலையும் எடுத்து அதன் பின்பக்கத்தில் எதையோ எழுத ஆரம்பித்தார்.

குறைத்தால் இப்படி ஆகிறது என்றால் கூட்டினால் சரியாகிவிடும் என்று பின்னறைக்கு ஓடி இரண்டு குமிழையும் ஒரே இழுப்பில் நூறுக்கு இழுத்தேன். முன்னறையிலிருந்து ரோஸ்லின் அக்காவின் குரல் வந்தது.

"ஏட்டி, எனக்கும் நின்னுட்டு!"

இப்போது மவுஸும் நகரவில்லை, குமிழைத் திரும்பக் குறைக்கவும் வழியில்லை. பையன் ஜாதகம் மட்டும் என் திரையில் தனியாக நின்றது. ஒரே வழி அணைத்துவிட்டு மறுபடி போடுவதுதான். நான் சுவிட்சில் கை வைத்ததும் அண்ணாச்சி பதறிக்கொண்டு வந்தார்.

"அணைக்காத! நல்ல நேரத்துல, மாப்பிள்ளை ஜாதகம் ஏறி நிக்கையில அணைக்கலாமாட்டி? பத்தேகாலுக்கு மேல அணைச்சுக்கிடலாம்."

"அணைச்சுப் போட்டு வரவே கால் மணி நேரமாவும், பத்தரைக்கு ராகு காலம் பொறந்துருமே அண்ணாச்சி. அதுக்கப்புறம் பொருத்தம் பாக்கமாட்டீயளே?"

"பாக்கமாட்டேன்."

"அப்ப எப்பத்தான் பாக்கது?"

அண்ணாச்சி யோசித்தார். நானும் யோசித்தேன். நல்ல நேரத்தில் அணைக்கக்கூடாது, அணைக்காமல் கம்ப்யூட்டர் வராது, அணைக்கிற நேரம் வந்தால் பார்க்கிற நேரம் போய்விடும். அறைக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டின கதையாக இருந்தது எங்கள் நிலைமை.

அப்போதுதான் எனக்குக் கடைசியாக ஒரு யோசனை வந்தது. பேக்கப் போகிற வழியையே துண்டித்துவிட்டால்? அண்ணாச்சி மேசைக்கு அடியில் நுழைந்து கேபிளைப் பிடுங்கினேன். எங்கே பிடுங்கினாலும் நாலும் ஊமையாகிவிடும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் தெரிந்த நேரம் அது இல்லை. பிடுங்கின வேகத்தில் கேபிள் முனையில் இருந்த சின்ன உலோகக் குப்பி கழன்று உருண்டு போயிற்று. அது இல்லாமல் கேபிளை மாட்டியும் பிரயோசனமில்லை. மயில்நீலச் சேலையோடு நாலு காலில் தவழ்ந்து அதைத் தேடினேன். மேசைக்கு அடியில் அண்ணாச்சியின் பழைய காலண்டர் அட்டைகள், முறுக்குத் தூள், எட்டுக்கால் பூச்சி எல்லாம் கிடைத்தன, குப்பி கிடைக்கவில்லை. இந்த இடம் கைவிட்டுப் போகப்போகிறது, அதுவும் என் கையாலேயே போகப்போகிறது என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம் சத்தமாகவே வந்தது.

அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா கோமதி, அழாத. வெளிய வா," என்றார்.

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது.

"கோமதியா?" என்றார் அந்த அம்மாள். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். தலையில் ஒட்டடையும் மூக்கில் தூசியுமாக நான் அவரைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து புருஷனிடம் சொன்னார்: "பொண்ணு ஜாதகம் வரலேன்னு சொன்னாவ. பொண்ணே வந்துட்டு!"

சர்வேயரும் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிதானமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பென்சிலைச் சட்டைப் பையில் செருகி, பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு எழுந்தார். மணி பத்து இருபது.

"எட்டுப் பொருத்தம் இருக்கு அண்ணாச்சி. முக்கியமானதெல்லாம் இருக்கு. நாங்க மத்தியானம் வீட்டுக்கு வாரோம்," என்றார்.

அவ்வளவுதான். விரல்கடை பிசகாத சர்வேயர் கையால் போட்ட கணக்கு. அண்ணாச்சி அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. அவர்கள் கிளம்பியதும் என் அப்பாவிடம் சொல்வதற்காக சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரும் கிளம்பினார். "பன்னெண்டுக்கு மேல மிஷினைச் சரிபண்ணி, ஆபீஸ் ஃபைலுக்கு ஒரு தாள் எடுத்து வச்சிரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடிந்தது. ரோஸ்லின் அக்கா துடைப்பத்தால் குப்பியைக் கண்டெடுத்துக் கொடுத்தாள். எல்லாவற்றையும் அணைத்து, மாட்டி, பேக்கப்பை அடியோடு நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் தட்டினேன். நொடியில் வந்தது. பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு தாளைத் தள்ளியது. பத்துக்கு ஐந்து. ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை.

எங்கள் பக்கத்தில் மற்ற பொருத்தமெல்லாம் இல்லாவிட்டாலும் சமாளிப்பார்கள், ரஜ்ஜு இல்லையென்றால் எழுந்து போய்விடுவார்கள். அதிலும் இது சிரசு ரஜ்ஜு, அதாவது தலை. புருஷன் தலைக்கு ஆகாது என்று அர்த்தம். என் ஜாதக நோட்டில் நட்சத்திரம் அஸ்தம் என்று எழுதியிருந்தது, அஸ்தம் என்றால் பொருந்தும். கம்ப்யூட்டரோ பிறந்த நேரத்தை வைத்து அதுவே கணக்குப் போட்டு, நான் சித்திரை என்றது. கையால் எழுதினவர் பார்த்தது ஒரு பஞ்சாங்கம், கம்ப்யூட்டருக்குள் இருந்தது வேறொரு பஞ்சாங்கம். நட்சத்திரம் மாறுகிற ஓரத்தில் நான் பிறந்து தொலைத்திருக்கிறேன்.

ஒரு தடவைக்கு நாலு தடவை போட்டுப் பார்த்தேன். நாலு தடவையும் அதேதான். காலையில் நான் குமிழைப் போட்டுக் குழப்பியதில் அதன் மூளை கலங்கியிருக்கும் என்று தோன்றியது. எதிர்த்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மதுரைக்காரரைப் பிடித்தேன்.

"சார், பிராசசரை ரொம்பக் குறைச்சிட்டா கணக்குத் தப்பா வருமா?"

"மெதுவா வரும்மா. தப்பா வராது."

"ரொம்ப ரொம்பக் குறைச்சா?"

"ரொம்ப ரொம்ப மெதுவா வரும்."

போனை வைத்தேன். திரும்பி வந்து தாளை மடித்துச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டேன். அண்ணாச்சியிடம் பிரிண்டரில் ரிப்பன் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். மத்தியானம் அவர்கள் வந்தார்கள், பையனும் வந்திருந்தார். போட்டோவில் நிறுத்திய சிரிப்பின் மீதிப் பாதியை எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சிரித்தார். சர்வேயர் எட்டு என்று சொல்லியிருக்கிறார், அவர் அஸ்தம் என்று வைத்துச் சரியாகத்தான் போட்டிருப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். தையில் கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே. அவருக்குத் தலைவலி என்றால் விடிய விடிய தைலம் தேய்ப்பேன். மோட்டார் சைக்கிளில் ஏறக்கூடாது என்றேன். தென்னைமரத்தடியில் நிற்கவிடமாட்டேன், தேங்காய் விழுந்துவிட்டால்? ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த மனிதரைத் தாமிரபரணியில் குளிக்கவிடாமல் வீட்டுக் குழாயடியில் வாளியும் செம்புமாக உட்கார வைத்தேன். பாபநாசம் அருவிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவரை மட்டும் கரையில் குடையோடு நிற்க வைத்தேன். காரணம் கேட்பார். "சும்மாத்தான்" என்பேன். புருஷன் மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்று அம்பையில் எனக்கு நல்ல பேர். பயம் தாங்காதபோதெல்லாம் மாமா சொன்ன எட்டைத்தான் பிடித்துக்கொள்வேன். அந்த எட்டு இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

பதினேழு வருஷம் இப்படியே ஓடியது. நாத்தனார் மகளுக்கு வரன் பார்க்கும்போது வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, பையன் வீட்டார் ரஜ்ஜு இல்லை என்று போனிலேயே கையை விரித்துவிட்டார்கள். "நம்ம கோமதிக்கு எட்டுப் பொருத்தம்லா, எவ்வளவு நல்லா இருக்கா!" என்று அத்தை ஆரம்பித்தார். அதற்கு மேல் முடியவில்லை. பீரோவிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து மாமா கையில் கொடுத்து, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க கையால போட்டதுல எட்டு வந்துதுல்லா மாமா? அதுதானே சரி?" என்றேன்.

"நான் எங்கம்மா போட்டேன்?" என்றார் மாமா.

"பத்திரிகை பின்னால பென்சிலால எழுதுனீயளே?"

"அது டவுன்ல வாங்க வேண்டிய சாமான் லிஸ்டும்மா. கருப்பட்டி, சுக்கு, உன் அத்தைக்கு மாத்திரை." கண்ணாடியைக் கழற்றினார். "ராகு காலம் பொறக்கப் போவுது. இவளுக்குப் பசி தாங்காது. பொண்ணு மேசைக்கடியில கெடந்து அழுது. ஒரு மிஷினுக்காக இந்த அழுகை அழுதவ எம் மவனைக் கைவிடமாட்டான்னு தோணிச்சு. எட்டுன்னு சொன்னேன். பத்துன்னு சொன்னா நம்பமாட்டாவ."

அத்தை வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்ததை நான் அன்றைக்கு ஒரு நாள்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தாளை வாங்கிப் படித்தார், என்னைப் பார்த்தார், கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நேரே ஆற்றுக்கு நடந்தார்.

நாத்தனார் மகளுக்கும் அந்த இடமே முடிந்தது. மாமா அவர்கள் வீட்டுக்குப் போய், தான் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்ததாகவும் எட்டு வருவதாகவும் சொல்லிவிட்டு வந்தார். இப்போது எங்கள் குடும்பத்தில் யார் எந்த ஜாதகத்தைப் பிரித்தாலும், பிரிப்பதற்கு முன்பே சின்னப் பிள்ளைகள்கூட "எட்டு!" என்று கத்துகின்றன.

அன்றைக்கு ஆற்றுக்குப் போன மனிதர் மூன்று மணி நேரம் தண்ணீரிலேயே கிடந்து, கண் சிவந்து, விரலெல்லாம் சுருங்கி வந்து சேர்ந்தார். வாசலில் நின்று அடுக்கடுக்காக ஏழெட்டுத் தும்மல் போட்டார். தாளில் இருந்தது எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தபடியே எழுந்து போய் அவர் தலையைத் துவட்டினேன், காயும் வரை விடவில்லை.